மேற்கே திரும்பிய வலைக்கூடம்

கடலூர் தேவனாம்பட்டினத்துக்கு வடக்கே, கரையை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தில், உட்கார்ந்து வலையைப் பழுது பார்க்க வலைக்கூடம் ஒன்று இருக்கிறது. 40 அடி நீளம், 20 அடி அகலம், பத்து கான்கிரீட் தூண்கள், மேலே தகரக் கூரை. கிழக்கே கடலைப் பார்த்துத் திறந்த முகம். மேற்கே, ஊர்ப் பக்கம், ஏழடி உயரத்துக்கு நான்கரை அங்குலச் செங்கல் சுவர். வடக்கிலும் தெற்கிலும் இரண்டரை அடிக் கட்டைச் சுவர். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்தது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது கூரை மொத்தமாகப் போய்விட்டது. அப்புறம் ஊர்ப் பணத்தில் தகரம் போட்டிருக்கிறார்கள்.

நான் புதுச்சேரியில் கட்டடக்கலை நான்காம் ஆண்டு படிக்கிறேன். வீடு கடலூர் முதுநகர். ஊர் மக்களோடு சேர்ந்து, இருக்கிற ஒரு கட்டடத்தை முடிந்த அளவு குறைந்த பொருளில் சரிசெய்து தர வேண்டும் என்பது இந்த ஆண்டுப் பாடவேலை. நாங்கள் ஐந்து பேர் இந்தக் கூடத்தை எடுத்துக்கொண்டோம். பிப்ரவரியில் தொடங்கி ஜூன் நடுவில் முடித்தோம். இதே கரையில் வேறு யாராவது செய்ய நினைத்தால் உதவட்டும் என்று அளவு, கலவை, பிழை எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

முதல் நாள் காலை பத்து மணிக்குப் போனபோது கூடத்துக்குள் ஒருவர்கூட இல்லை. கிழிந்த பழைய வலைக் குவியல், இரண்டு ஐஸ் பெட்டி, ஒரு நாய். வலை பின்னுகிறவர்கள் எல்லாரும் கூடத்துக்குப் பின்னால், அந்த மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து, மணலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது விளங்கவில்லை. கடலைப் பார்த்து இவ்வளவு திறப்பாகக் கூடம் இருக்கும்போது ஏன் சுவருக்குப் பின்னால்? நாங்கள் வகுப்பில் வரைந்து எடுத்துப்போன முதல் வரைபடமும் கடல் பக்கத்தை இன்னும் அகலமாகத் திறப்பதாகத்தான் இருந்தது.

அதை ஒரு பெரியவரிடம் காட்டினேன். ஊசியை நிறுத்தாமலே பார்த்தார். "ஏம் பாப்பா, காலையில வெயிலு எங்கேர்ந்து வருது?" என்று கேட்டார். கிழக்கேயிருந்து என்றேன். "காத்து?" கடலிலிருந்து என்றேன். "அது மத்தியானத்துக்கு மேல. நாங்க வலைய எடுக்கிறது ஒம்போது மணிக்கு. அந்நேரம் கச்சான் காத்து. தையில நெழலுக்கு இங்க உக்காருவோம், சித்திரையில காத்துக்கு உக்காருவோம்."

அவர் சொன்னதைச் சரிபார்க்கத்தான் முதல் மூன்று வாரம் செலவானது. நான்கு சவுக்குக் கழிகளில் கிழிந்த வலைத் துண்டுகளை நாடாவாகக் கட்டிக் கூடத்தைச் சுற்றி நட்டோம். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை அரை மணிக்கு ஒரு முறை நாடா எந்தப் பக்கம் பறக்கிறது, நிழல் எது வரை விழுகிறது, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு நோட்டில் குறித்தோம். கோடை ஏற ஏறப் பெரியவர் சொன்னது அப்படியே நோட்டில் தெரிந்தது. ஃபைபர் படகுகள் விடியற்காலை போய் ஏழு, எட்டு மணிக்குத் திரும்புகின்றன. மீன் ஏலம் முடிந்து வலையைக் கையில் எடுக்க ஒன்பது ஆகிறது. அங்கிருந்து பன்னிரண்டு வரைதான் முக்கியமான வேலை நேரம். ஒன்பது மணிக்கு வெயில் கிழக்கு முகம் வழியாகக் கூடத்தின் பாதி வரை நுழைகிறது, உச்சி ஏற ஏறத்தான் பின்வாங்குகிறது. தரையிலிருந்து வருகிற கச்சானை, அதாவது மேல்காற்றை, மேற்குச் சுவர் தடுத்து நிறுத்துகிறது. கடல் காற்று ஏற மதியம் ஆகிவிடும். அப்போது அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார்கள். மாலை நாலு மணிக்கு மேல் கிழக்குப் பக்கம் நிழல், கடல் காற்றும் உண்டு. அந்த நேரத்தில் மட்டும் சிலர் கூடத்தின் கடல் முகத்தில் உட்கார்ந்தார்கள்.

கச்சான் சூடான காற்றுதான். சூடான காற்றை உள்ளே விடக் கூடாது என்று படித்திருக்கிறோம். ஆனால் நிழலில் உட்கார்ந்து கை வேலை செய்கிறவருக்கு அது வேர்வையைக் காயவைக்கிறது. காற்றே இல்லாத தகரக் கூரையின் கீழ் இருப்பதைவிட எவ்வளவோ மேல். நானும் ஒரு வாரம் அங்கே உட்கார்ந்து பார்த்தேன்.

ஆக, கட்டடத்தின் முகத்தைத் திருப்ப வேண்டும். காலையில் மேற்கே திறந்து கிழக்கே மூட வேண்டும், மாலையில் கிழக்கே திறக்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னால் இதைச் சொன்னபோது தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சுவத்த இடிச்சா கூரை நிக்குமா?"

நிற்கும். எடையைத் தூண்கள்தான் தாங்குகின்றன, சுவர் இடையில் அடைத்தது. அதோடு, தானே புயலில் கூரை போனதற்கு இந்தச் சுவரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கடல் பக்கமிருந்து காற்று திறந்த முகத்தில் நுழைந்து, வெளியே போக வழியில்லாமல் மேற்குச் சுவரில் முட்டினால், உள்ளே அழுத்தம் ஏறும். அதே நேரம் கூரைக்கு மேலே ஓடுகிற காற்று தகரத்தை மேல்நோக்கி இழுக்கும். கீழேயிருந்து தள்ளல், மேலேயிருந்து இழுப்பு, இரண்டும் சேர்ந்தால் தகரத்தைப் பிடித்திருக்கிற கொக்கி போல்ட் எம்மாத்திரம்? தலைவருக்கு ஒரு தீப்பெட்டியின் ஒரு பக்கத்தைத் திறந்து ஊதிக் காட்டினோம், பிறகு இரண்டு பக்கமும் திறந்து ஊதினோம். "சரி, இடிங்க" என்றார்.

மேற்குச் சுவரில் தூணுக்குத் தூண் பத்தடியாக நான்கு கட்டம். நடு இரண்டையும் முழுவதும் எடுத்துவிட்டோம். ஓரத்து இரண்டையும் எடுத்து, அதே செங்கலை இடைவெளி விட்டு அடுக்கி ஜாலியாகக் கட்டினோம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாகச் செய்த முறைதான். சுவரைச் சம்மட்டியால் அடித்தால் எல்லாம் தூளாகிவிடும். மேல் வரிசையிலிருந்து உளியால் கலவையை நெம்பி ஒவ்வொன்றாக இறக்கினோம். ஆறு நாள் ஆனது. 900 செங்கல் முழுதாகக் கிடைத்தது. புதிதாக ஒரு செங்கல்கூட வாங்கவில்லை.

வேலையை ஏப்ரல் 15க்குத் தள்ளி வைத்ததும் ஊர் சொல்லித்தான். அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளில் போகிறவர்கள் கரையில் இருப்பார்கள், ஆள் கிடைக்கும். ஆனால் பழுது பார்க்க வலையும் அப்போதுதான் அதிகம். அதனால் ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்ததைத் தொட்டோம்.

திறந்த இரண்டு கட்டத்துக்கும் வெளியே ஒரு மேடை வேண்டும் என்று கேட்டார்கள். நாங்கள் திண்ணை என்று எடுத்துக்கொண்டு ஒன்றரை அடி உயரத்துக்கு வரைந்தோம். வேண்டாம் என்றார்கள். வலை பின்னுகிறவர் காலைத் தொங்கப்போட்டு உட்காருவதில்லை. இரண்டு காலையும் நீட்டி, பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் வலைக்கண்ணைச் சரிசெய்கிறார். ஒரு சாண் உயரம், நாலடி அகலம் போதும். மணல் வலையில் ஏறாமல் இருந்தால் சரி. அப்படியே செய்தோம்.

அந்த மேடையின் விளிம்புக்கு மண்கட்டி போட முடிவு செய்தோம். சூளையில் சுடாத, அழுத்திச் செய்த மண்கட்டி. ஆரோவில்லில் 1989 முதல் மண் கட்டுமானத்துக்கென்றே ஒரு நிறுவனம் இயங்குகிறது. அங்கே நான் ஒரு பயிற்சி முடித்திருந்தேன். கேப்பர் மலைச் சரிவில் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிய செம்மண் கேட்டதும் கிடைத்தது. கண்ணாடி பாட்டிலில் மண்ணையும் தண்ணீரையும் குலுக்கி ஒரு நாள் வைத்துப் பார்த்தோம். களிமண் கொஞ்சம் அதிகம், மணல் குறைவு. எடையில் நூற்றுக்கு 5 சிமென்ட், குறைகிற மணலைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, வாடகைக்கு எடுத்த கை இயந்திரத்தில் 120 கட்டி அழுத்தினோம். ஒவ்வொன்றும் 7 கிலோ இருக்கும். விளிம்பு கத்தி போல் வந்தது. எல்லாருக்கும் மகிழ்ச்சி.

பத்தாம் நாள் கட்டிகளின் மேல் வெள்ளையாகப் பூத்தது. பதினைந்தாம் நாள் மூலைகளைத் தொட்டால் பொரிந்து கொட்டியது.

மணலைக் கூடத்துக்குப் பின்னாலிருந்தே அள்ளியிருந்தோம், மூன்று முறை அலசித்தான். தண்ணீர் ஊர்க் கைபம்பிலிருந்து. அலசியதும் அதே தண்ணீரில்! கல்லூரி ஆய்வகத்தில் அந்தத் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டதும் பால் திரிந்தது போல் ஆனது. அவ்வளவு உப்பு. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

மறுநாள் கொத்தனார் அண்ணன் வந்து ஒரு கட்டியை உடைத்து, துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "இந்தத் தண்ணியில சட்டிகூட வனைய மாட்டாங்கம்மா" என்றார். ஏன் அண்ணே முதலில் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலியே. மெஷின் எல்லாம் கொண்டாந்தீங்க, அதுக்குத் தோதா ஏதோ மருந்து போடுவீங்கன்னு நெனச்சேன்." எங்கள் நோட்டில் காற்று, நிழல், வலை எல்லாவற்றுக்கும் பக்கம் இருந்தது. தண்ணீருக்கு ஒரு பக்கம் இல்லை. இயந்திரத்தைப் பார்த்ததும் அவர் ஒதுங்கிக்கொண்டார் என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அன்றிலிருந்து எந்தக் கலவையையும் அவர் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே குழைத்தோம்.

இரண்டாவது முறைக்கு ஆற்று மணல் வாங்கினோம். தண்ணீர்தான் சிக்கல். ஊருக்குக் குடிதண்ணீர் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. மண்கட்டியை 28 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். குடிக்கிற தண்ணீரை மாதம் முழுக்கக் கல்லில் ஊற்றுவது எந்த விதத்தில் சிக்கனம்? சூளை விறகை மிச்சம் பிடித்துவிட்டுக் குடத்தைக் காலி செய்வதா? கடைசியில் கட்டிகளை நெருக்கமாக அடுக்கி, பழைய தார்ப்பாயால் தரையோடு தரையாக மூடி, ஓரத்தில் மணலை அணைத்துவிட்டோம். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாது. நான்கு நாளைக்கு ஒரு முறை திறந்து இரண்டு குடம் தெளித்தால் போதுமானதாக இருந்தது. 90 கட்டி செய்தோம். பூக்கவில்லை. பொரிந்த பழைய கட்டிகளை உடைத்துக் கூடத்துக்கு வரும் பாதையில் கொட்டி மிதித்துவிட்டோம்.

கூரை விஷயத்தில் என் மனதை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்குத் தென்னங்கீற்று என்றால் உயிர். குளிர்ச்சி, மலிவு, மட்கும். தகரத்தின் மேல் கீற்று வேயலாம் என்று சொன்னதும் ஊர் அக்காக்கள் எல்லாரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். ஒருவர் சொன்னார்: "கீத்துல இருந்து ஓட்டுக்கு வர எங்களுக்கு மூணு தலைமுறை ஆச்சு. ஒரு பொறி பட்டா தெருவே போவும். நீ ஊருக்குப் போய்டுவ, நாங்க ராத்திரி முழிச்சிருக்கணும்." இதற்குப் பிறகு நான் வாதாடவில்லை. தீக்குப் பயந்து படுத்தவருக்குத்தான் கீற்றின் விலை தெரியும்.

ஆனாலும் தகரத்தின் அடிப்பக்கம் காலை பதினோரு மணிக்கே 54 டிகிரி காட்டியது. அது அப்படியே தலையில் இறங்கும். கடைசியில் எல்லாருக்கும் ஒத்துவந்தது பனையோலைப் பாய். தகரத்துக்கு ஓரடி கீழே சவுக்குக் கழிகளைக் குறுக்கே கட்டி, பாய்களை அதில் கயிற்றால் தைத்தோம். அடுப்பு அங்கே கிடையாது. தீ என்று வந்தாலும் நாலு பேர் இழுத்தால் பாய் கீழே வந்துவிடும்படி முடிச்சுகளை ஒரே பக்கம் வைத்தோம். தகரத்துக்கும் பாய்க்கும் நடுவே சூடான காற்று மேலேறி முகட்டு இடைவெளியில் வெளியே போகிறது. பாயின் அடிப்பக்கம் இப்போது அதே பதினோரு மணிக்கு 38. தகரத்தின் மேல் வெள்ளை பெயின்ட் அடித்தோம். துருப்பிடித்த கொக்கி போல்ட்களை மாற்றி, இறவார வரிசையிலும் மூலைகளிலும் இரட்டிப்பாகப் போட்டோம். புயல் முதலில் பிடிப்பது அந்த இடங்களைத்தான்.

கிழக்கு முகத்துக்குத் தட்டி. ஐந்தடி அகலத்தில் எட்டு. சவுக்குக் குச்சிச் சட்டம், நடுவில் ஓலைப் பாய், இரண்டு பக்கமும் கிழிந்த நைலான் வலையைப் போட்டுத் தைத்தது. காற்று எவ்வளவு அடித்தாலும் வலை பாயைப் பிரிய விடாது. குடிசைக் கூரை மேல் பழைய வலையைப் போர்த்திக் கட்டுவது இந்தக் கரையில் காலங்காலமாக இருக்கிற வழக்கம். தட்டியைக் காலையில் இறக்கி, மதியம் கழியால் தூக்கி நிறுத்தலாம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு சாய்ந்து வருகிற மழைக்கும் இதையே இறக்கிவிடலாம். புதுச்சேரியில் கட்டடக் கலைஞர்கள் அன்டோனின் ரேமண்டும் ஜார்ஜ் நகாஷிமாவும் 1930களின் இறுதியில் எழுப்பத் தொடங்கிய கோல்கொண்டே விடுதியில், கட்டடத்தின் நீளம் முழுக்கத் திருப்பக்கூடிய பலகைகள் இருக்கின்றன. உள்ளே இருப்பவர் காற்றையும் வெளிச்சத்தையும் தன் கையாலேயே வைத்துக்கொள்ளலாம். முதலாம் ஆண்டில் அதைப் பார்த்ததிலிருந்து அப்படி ஒன்று செய்ய ஆசை. பொருள் வேறு, எண்ணம் அதுதான்.

தூண்களுக்கு வருகிறேன். இது சின்ன வேலை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. வலையைக் கூடத்தின் நீளவாக்கில் இழுக்கும்போது தூணின் சொரசொரப்பான மூலையில் கண் மாட்டிக் கிழிகிறது. பழுது பார்க்க வந்த இடத்தில் புதுக் கிழிசல்! வடக்கு, தெற்குக் கட்டைச் சுவர்களை இதற்காகவே எடுத்துவிட்டோம். தூண்களைக் கொத்துப் போட்டு, மூலைகளை மழுக்கி, கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசினோம். மூன்று வாரம் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டு பங்கு. நசுக்கிய கடுக்காயையும் வெல்லத்தையும் ஒரு வாரம் ஊறப்போட்டு வடித்த தண்ணீரில் குழைத்தது. ஊறுகிற நாளில் அந்தப் பானை புளித்து நுரைக்கும், வாசனை தெருமுனை வரை வரும். பூச்சு பாதி இறுகியதும் கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். எது வரை தேய்ப்பது? ஒரு தம்பி வழி சொன்னான். ஒரு முழம் நைலான் வலையைத் தூணைச் சுற்றிப் போட்டு மேலிருந்து கீழே இழுப்பான். எங்கே மாட்டுகிறதோ அங்கே சாக்பீஸ் புள்ளி. புள்ளி வைத்த இடத்தில் மறுபடி தேய்ப்போம். முதல் தூணில் நாற்பதுக்கு மேல் புள்ளி. நான்காவது சுற்றில் வலை தண்ணீர் மாதிரி வழுக்கி இறங்கியது. அந்தச் சத்தம் மாறுவதைக் கேட்டே எல்லாரும் கை தட்டினார்கள்.

கடைசி வேலை எங்கள் திட்டத்திலேயே இல்லாதது. மே மாதம் ஒரு காலை, மீன் விற்கப் போகிற அக்கா ஒருவர் நிரம்பிய அன்னக்கூடையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான் ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டேன். "ஏத்த ஒரு ஆளு, எறக்க ஒரு ஆளு வேணும் பாப்பா. ஆம்பளைங்களுக்குக் கூடம் கட்டுறீங்க, எங்களுக்கு ஒரு கல்லு போடுங்களேன்" என்றார். கேட்டது சுமைதாங்கிக் கல். நம் சாலையோரங்களில் பழைய சுமைதாங்கிகளை இன்றும் பார்க்கலாம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக வைத்தவை அவற்றில் நிறைய. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல். இறக்கவும் ஆள் வேண்டாம், ஏற்றவும் ஆள் வேண்டாம்.

உயரம் எவ்வளவு? மறுநாள் காலை ஒன்பது அக்காக்களைக் கூடத்துச் சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லி, தோள் உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டோம். கோடுகள் நாலடிக்கும் நாலடி எட்டு அங்குலத்துக்கும் நடுவில் ஏறி இறங்கின. இரண்டு கூட்டமாகச் சேர்ந்திருந்தன. ஆகவே ஒரே கல்லை வைக்காமல், நாலடி ஓர் அங்குலத்தில் ஒன்றும் நாலரை அடியில் ஒன்றுமாக, படி போல இரண்டு தட்டு வைத்தோம். மிச்சமான பழைய செங்கலில் தூண், மேலே கருங்கல் பலகை, விளிம்பு மழுக்கியது. பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். கூடத்தின் தெற்கு மூலையில், ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில் இருக்கிறது. முதல் நாளே மூன்று கூடை வரிசையில் நின்றன.

ஜூனில் வேலையை ஒப்படைத்துவிட்டு, ஆகஸ்டில் நோட்டோடு போனோம். காலை பத்து மணிக்குப் பதினொரு பேர், எல்லாரும் மேற்கு மேடையில், கூடத்துக்குள் முதுகும் வெளியே காலுமாக. தூண்களில் நாங்கள் வைக்காத இரும்புக் கொக்கிகள் ஏழு இருந்தன, ஆளுக்கு ஓர் உயரத்தில். தட்டி எட்டில் ஒன்றின் கயிறு அறுந்து, வேறு முடிச்சில் கட்டப்பட்டிருந்தது. எங்கள் முடிச்சைவிட அது நல்ல முடிச்சு. வரைந்து எடுத்துக்கொண்டேன்.

ஒரு குறை இருக்கிறது. ஆடி, ஆவணியில் மாலை மழை மேற்கேயிருந்து வருகிறது. நாங்கள் வாடை மழையை மட்டும் நினைத்துக்கொண்டோம். அன்று மாலையே ஒரு மழை பெய்தது. மேடை முழுக்க நனைந்து, சாரல் தூண் வரை வந்தது. மேற்கு இறவாரத்தை மூன்றடி நீட்ட வேண்டும். தலைவர் சவுக்குக் கழிகளை எடுத்து வைத்திருக்கிறார். பழைய தகரத்தில் துருப்பிடிக்காத நாலு தகடு இருக்கிறது. இறவாரம் வெளியே நீண்டால் காற்று அதைத்தான் முதலில் பிடிக்கும் என்பதால், ஒவ்வொரு கழிக்கும் தூணிலிருந்து ஒரு சாய்வு முட்டு கொடுக்கிறோம். செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை வேலை. கொத்தனார் அண்ணன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.